ரேஸ்ல இருந்து வந்த பெட்டைக் குதிரை கிட்டயே வரமாட்டேங்குது, தீனி குடுத்துப் பழக்கலாமா?

தம்பி, உங்க கேள்வியை முதல்ல நாலு வரியில சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. ரேஸ் ஓடி ரிட்டயர் ஆன ஆறு வயசு தரோபிரெட் ஜாதிப் பெட்டை, தென்னாப்பிரிக்காவுல சம்மர்வெல்ட் ரேஸ் பயிற்சி மையத்துல இருந்து வாங்கி மாரிட்ஸ்பர்க் ஊருக்கு வெளியில உங்க நிலத்துக்குக் கொண்டுவந்து மூணு வாரம் ஆகுது. கையில ஹால்டரை, அதான் தலையில மாட்டற வார்க்கட்டை, பாத்தாலே பேடாக்கோட (வேலி போட்ட மேய்ச்சல் இடம்) மறுகோடிக்கு ஓடிடறா, சேணத்தோட வயித்து வாரை இறுக்கினா கடிக்க வர்றா. உங்க அப்பா "யாரு எஜமான்னு காட்டுடா"ங்கறார், பக்கத்து ஸ்டேபிள்காரர் "ரவுண்ட் பென்ல, அதான் வட்ட வேலிக்குள்ள, விட்டுத் துரத்து, தானா வந்து நிக்கும்"ங்கறார், நீங்க கிளிக்கர்னு அழுத்தினா சத்தம் போடற சின்னக் கருவியை வெச்சு தீனி குடுத்துப் பழக்கலாமான்னு பாக்கறீங்க, அது லஞ்சம் குடுக்கற மாதிரி ஆயிடாதான்னு ஒரு சந்தேகமும் இருக்கு.

பழக்கலாம், தாராளமா பழக்கலாம். ஆனா கிளிக்கர் வாங்கறதுக்கு முன்னாடி வெட்டுக்கு, அதான் கால்நடை டாக்டருக்கு, ஒரு போன் போடுங்க. வார் இறுக்கும்போது கடிக்க வர்ற குதிரையை உடனே திமிருன்னு முடிவு கட்டிடக்கூடாது, முதல்ல வலியான்னு பாக்கணும். ரேஸ் ஸ்டேபிள் குதிரைங்களுக்கு வயித்துப்புண் ரொம்ப சகஜம். குதிரை வயிறு சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் நாள் பூரா அமிலம் சுரந்துக்கிட்டே இருக்கும், விடாம புல்லை மென்னுக்கிட்டே இருக்கற உடம்பு அது, அங்க என்னடான்னா சத்துத் தீனியை வேளைக்கு வேளை கொட்டிட்டு நடுவுல பல மணி நேரம் வெறும் வயித்தோட நிக்க விட்டுடறாங்க. பல்லு, முதுகு, குளம்பு, பழைய சேணம் இவளுக்குப் பொருந்துதா, எல்லாத்தையும் பாக்கச் சொல்லுங்க. வலியோட நிக்கறவளுக்கு நீங்க எவ்வளவு கேரட் குடுத்தாலும் அவ உங்களைப் பாக்கறப்ப வலிதான் ஞாபகம் வரும். அதுவரைக்கும் சேணத்தை அவ கண்ணுல காட்டாதீங்க.

தீனி விஷயம் சட்டுன்னு சொல்லிடறேன். ஒரு நாளைக்கு உடம்பு எடையில சுமார் 2 சதவீதம் காய்ஞ்ச புல்லு, அதாவது 450, 500 கிலோ குதிரைக்கு 9, 10 கிலோ, எரக்ரோஸ்டிஸ் புல்லோ டெஃப் புல்லோ, எது நல்லதா கிடைக்குதோ அது. கிகுயு புல்லை மட்டும் நம்பி விட்டுடாதீங்க, அதுல ஆக்சலேட் அதிகம், கால்சியம் உடம்புல சேர விடாது, கூட கொஞ்சம் லூசர்ன் (குதிரை மசால்) குடுங்க. ரேஸ் தீனியை ஒரே நாள்ல நிறுத்தாம ஒரு வாரம் பத்து நாள்ல படிப்படியா குறைங்க, இல்லேன்னா கோலிக்ங்கற வயித்து வலி வந்து ராத்திரி பன்னெண்டு மணிக்கு குதிரையை நடக்க வெச்சுக்கிட்டு இருப்பீங்க.

இன்னொண்ணு, நீங்க எழுதினதுல வேற குதிரை இருக்கறதா ஒரு வார்த்தையும் காணோம். தனியாவா நிக்கறா? அப்படின்னா பழக்கறதைப் பத்தி பேசறதே அப்புறம்தான். சின்ன வயசுல இருந்து எந்நேரமும் சுத்தி குதிரைங்க சத்தத்தோட இருந்தவ, பாக்ஸுக்குள்ளயே (ஸ்டேபிள் அறை) நாளோட பெரும்பகுதி இருந்தாலும் பக்கத்து பாக்ஸ்ல ஒரு மூக்கு தெரியும். இப்ப திடீர்னு பரந்த வெளியில ஒத்தையா. மந்தை விலங்குக்குத் தனியா நிக்கறதுன்னா தூங்கக்கூட பயம். ஒரு வயசான போனியோ கழுதையோ கூட போதும், துணை கொண்டுவாங்க.

இப்ப அப்பா சொன்னதுக்கும் பக்கத்துக்காரர் சொன்னதுக்கும் வரேன். அப்பாவை கோவிச்சுக்காதீங்க, அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. ஆனா குதிரைங்களுக்குள்ள இருக்கற பெரியவ சின்னவ கணக்கு தண்ணிக்கும் தீனிக்கும் யாரு முதல்லங்கறது, அதுல ரெண்டு கால் மனுஷனுக்கு இடமே கிடையாது. அவ உங்களுக்கு அடங்கி நிக்கறான்னு நீங்க நினைக்கறப்ப பாதி நேரம் அவ பயந்து உறைஞ்சு நிக்கறா. ரவுண்ட் பென்ல துரத்தறதும் அந்தக் கதைதான். வட்டத்துக்குள்ள ஓடி ஓடி, உங்க பக்கம் திரும்பினா மட்டும் துரத்தறது நிக்கும்னு கண்டுபிடிச்சு வந்து நிக்கறா, அதைப் பாத்துட்டு "பாரு, என்னைத் தேடி வந்துட்டா"ன்னு கண்ணு கலங்கறவங்களை நான் பாத்திருக்கேன். சிட்னி பல்கலைக்கழகத்து ஆளுங்க இதையே ஒரு ரிமோட் பொம்மைக் காரை வெச்சு செஞ்சு பாத்தாங்க, குதிரை காருக்கும் அதே மாதிரி பழகிடுச்சு. பொம்மைக் காரு மேல யாருக்காவது பாசம் வருமா. நாக்கை சப்பி வாயை மெல்லறதைப் பாத்து "அடங்கிடுச்சு"ங்கறாங்களே, அது பதட்டம் கொஞ்சம் தணியறப்ப வர்றது, பணிவுக்கு அடையாளம் இல்ல.

தீனி லஞ்சமாங்கற கேள்விக்கு என் பதில் இது. வேலை செய்யறதுக்கு முன்னாடி கேரட்டை ஆட்டிக் காட்டினா லஞ்சம். அவ சரியா ஒண்ணு செஞ்சதுக்கு அப்புறம் குடுத்தா கூலி. வித்தியாசம் முன்னாடியா பின்னாடியாங்கறதுலதான் இருக்கு. பிரான்ஸ்ல ரென் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக் குழு 2010ல ஒரு ஆய்வு போட்டாங்க, தீனிக் கூலி குடுத்துப் பழக்கின குதிரைங்க மாசக்கணக்கு கழிச்சும் மனுஷங்க கிட்ட தானா வருது, பழக்கினவங்க கிட்ட மட்டும் இல்ல, முன்பின் பாக்காத ஆள் கிட்டயும். தடவிக் குடுத்தாலே போதாதாங்கறவங்களுக்கு, தீனியையும் சொறியறதையும் வெச்சு ஒப்பிட்டுப் பாத்ததுல தீனிதான் ஜெயிச்சுது. அதுக்காக சொறியறதை விட்டுடாதீங்க, பிடரி மயிர் முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கற மேடு இருக்கே, குதிரைங்க ஒண்ணை ஒண்ணு கடிச்சு சொறிஞ்சுக்கற இடம் அது, அங்க சொறிஞ்சா இதயத் துடிப்பே குறையுதுன்னு அளந்து பாத்திருக்காங்க. மேல் உதடு நீண்டு ஒரு பக்கமா கோணிக்கிட்டு துடிச்சா சரியான இடத்துல கை வெச்சிருக்கீங்கன்னு அர்த்தம். அது உறவுக்கு, கூலிக்கு இல்ல.

சரி, செய்முறை. ஆனா நம்ம ஊர்ல ஒரு அவசரம் இருக்கு, அதை முதல்ல சொல்லணும். இது பிப்ரவரி கடைசி, ஆஃப்ரிக்கன் ஹார்ஸ் சிக்னஸ் பரவற உச்ச காலம், முதல் பனி விழற வரைக்கும் ஓயாது. வைரஸைக் கொண்டுவர்றது மிட்ஜுன்னு கண்ணுக்கே சரியாத் தெரியாத கடிபூச்சி, பொழுது சாயறதுல இருந்து விடியற வரைக்கும்தான் அதோட ராஜ்யம். நுரையீரலைத் தாக்கற வகை வந்தா பெரும்பாலான குதிரைங்க பிழைக்கறதில்ல. அதனால "அவளா வர்ற வரைக்கும் காத்திருங்க"ன்னு வெளிநாட்டு வீடியோவுல சொல்றதை இங்க அப்படியே செய்ய முடியாது, சூரியன் விழறதுக்கு நல்லா முன்னாடியே அவ உள்ள இருந்தாகணும். நீங்க தினமும் சாயங்காலம் ஹால்டரைத் தூக்கிக்கிட்டு அவளை விரட்டிப் பிடிக்கறீங்கன்னு நினைக்கறேன், ஹால்டர் பயம் வளர்றதே அதாலதான் இருக்கும்.

அதனால இன்னிக்கே ஹால்டரை மறந்துடுங்க. பேடாக்ல இருந்து ஸ்டேபிள் வாசல் வரைக்கும் வேலி டேப் கட்டி ஒரு சந்து மாதிரி பண்ணுங்க, மின்சாரம் வேண்டாம். ராத்திரித் தீனியும் காய்ஞ்ச புல்லும் முன்கூட்டியே உள்ள இருக்கட்டும், துணைக் குதிரையை முதல்ல கூட்டிட்டுப் போங்க, ஒரே ஒரு சத்தம் தினமும் அதே நேரத்துக்கு, பக்கெட்டைத் தட்டறதோ விசிலோ ஏதோ ஒண்ணு. அவ பின்னாடி நீங்க கையை வீசிக்கிட்டுப் போகக்கூடாது. வந்ததும் உடனே கதவை டமால்னு சாத்தாம, தலையை வாளிக்குள்ள விட்டதுக்கு அப்புறம் மெதுவா சாத்துங்க. கொஞ்ச நாள்ல அந்தச் சத்தத்துக்கே வாசல்ல வந்து நிப்பா. ஸ்டேபிள்ல ஜன்னலுக்கு நெருக்கமான வலை, ஒரு ஃபேன் இருந்தா இன்னும் நல்லது, மிட்ஜ் காத்துல பறக்கத் திணறும். ரேஸ் ஸ்டேபிள்ல அவளைப் பாத்துக்கிட்ட க்ரூமை, அதான் குதிரை பராமரிப்பாளரை, கண்டுபிடிக்க முடிஞ்சா விட்டுடாதீங்க, என்ன சொல்லிக் கூப்பிடுவார், எங்க சொறிவார்னு கேளுங்க, அவர் ஜூலுலயோ கோசாவுலயோ சொன்ன வார்த்தை அவளுக்கு நம்ம தமிழை விட நல்லாத் தெரியும்.

இப்ப பகல்ல பழக்கறது. ஆரம்பத்துல வேலிக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அவ. இடுப்புல ஒரு பை, அதுல லூசர்ன் பெல்லட், இல்ல நீளவாக்குல மெலிசா நறுக்கின கேரட், வட்டமா நறுக்காதீங்க தொண்டையில அடைக்கும். கிளிக்கர் கட்டாயம் இல்ல, நாக்கால "டொக்"குனு ஒரே மாதிரி சத்தம் போட்டாலும் போதும், ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும். கேரன் பிரையர்ங்கற அம்மா 1960கள்ல ஹவாயில டால்ஃபின்களுக்கு விசில் ஊதிப் பழக்கினதும் இதே கணக்குதான், "இப்ப நீ செஞ்சியே, அதுக்குத்தான் கூலி"ன்னு அந்த நொடியைக் காட்டிக் குடுக்கற சத்தம்.

முதல் பாடம், மூக்கை உங்க கிட்ட இருந்து தள்ளி வெச்சுக்கறது. உங்க பக்கத்து ஸ்டேபிள்காரர் "கையால குடுத்தா கடிக்கப் பழகும்"னு பயமுறுத்தியிருக்கார்ல, அதுக்கு மருந்தே இதுதான். பையோட வாசனைக்கு அவ மூக்கை வேலிக்கு மேல நீட்டி உங்க சட்டையை முகருவா, இடிப்பா. நீங்க திட்டவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், சும்மா நில்லுங்க. எப்படியும் ஒரு நிமிஷத்துல சலிச்சுப்போய் தலையைத் திருப்புவா, ரெண்டு இஞ்சு திரும்பினாலும் அந்த க்ஷணம் "டொக்". அப்புறம்தான் கை பைக்குள்ள போகணும், இது ரொம்ப முக்கியம், கை முன்னாடி அசைஞ்சா அவ சத்தத்தைக் கேக்க மாட்டா, உங்க கையையே பாத்துக்கிட்டு இருப்பா. தீனியை உங்க உடம்பு கிட்ட குடுக்காம, கையை நல்லா நீட்டி அவ நெஞ்சுக்கு நேரா, அவ தலை எங்க இருக்கணும்னு நினைக்கறீங்களோ அங்க குடுங்க. உள்ளங்கை விரிச்சு. பத்து பதினஞ்சு தடவைக்குள்ள அவ முகத்துல ஒரு மாற்றம் தெரியும், இடிச்சுப் பாத்துட்டு, யோசிச்சுட்டு, வேணும்னே தலையைத் திருப்பிட்டு ஒத்தைக் காதை மட்டும் உங்க பக்கம் வெச்சுக் காத்திருப்பா. தான் செய்யறதுக்கு இந்த ஆள் கிட்ட ஒரு பதில் இருக்குன்னு அவளுக்குப் புரியற இடம் அது, நீங்க பாசம் பாசம்னு கேக்கறீங்களே, அதுக்கு வாசல் அங்கதான் திறக்குது.

ஒரு தடவை பழக்கறது அஞ்சு நிமிஷம், பையில இருக்கறது தீர்ற வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். முடிக்கும்போது தரையில ஒரு கை புல்லைக் கொட்டிட்டுப் போங்க, நீங்க போறதே தண்டனையா ஆயிடக்கூடாது. வீட்டுல ஒருத்தர் இடிச்சா சிரிச்சுக்கிட்டே குடுக்கறதும் இன்னொருத்தர் அடிக்கறதும் இருந்தா எல்லாம் கெட்டுது, பிள்ளைங்களுக்கும் சொல்லிடுங்க. இத்தனை நாள் இடிச்சதுக்குக் கிடைச்சது திடீர்னு நின்னா, குறையறதுக்கு முன்னாடி கொஞ்சம் அதிகமா இடிப்பா, அதுல பயந்து பாதியில குடுத்துடாதீங்க, பலமா இடிக்கணும்னு நீங்களே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும்.

அடுத்தது டார்கெட். ஒரு குச்சி நுனியில காலி பாட்டில் கட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நீட்டுங்க, ஆர்வத்துல மூக்கால தொடுவா, டொக், கூலி. அப்புறம் ஒரு அடி தள்ளி, ரெண்டு அடி தள்ளி. கயிறே இல்லாம அவளை எங்க வேணா கூட்டிட்டுப் போற சாவி இது, ஹார்ஸ் பாக்ஸ்ல, அதான் குதிரை ஏத்தற வண்டியில, ஏத்தறதுக்கும் இதேதான், முதல்ல ராம்ப்ல (ஏறுற சாய்வுப் பலகை) ஒரு காலு, இறங்கிப் போக விடணும், மறுபடி ஒரு காலு.

டார்கெட் நல்லாப் பழகினதும் ஹால்டர். பழைய ஹால்டர் மேல பயம் இருந்தா வேற கலர்ல வேற துணியில ஒண்ணு வாங்குங்க, குதிரைக்கு நீலமும் மஞ்சளும் நல்லாத் தெரியும், சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாது. மூக்கு வளையத்தை ரெண்டு கையாலயும் விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, நீங்க அவ மேல மாட்டப் போகக்கூடாது, அவ மூக்கை உள்ள விடணும். பாத்தா டொக். கிட்ட வந்தா டொக். உதடு பட்டா டொக். மூக்கு உள்ள வந்ததும் எல்லாரும் செய்யற காரியம், சரக்குனு பக்கிளை மாட்டிடறது. அதைச் செஞ்சீங்கன்னா மறுநாள் திரும்பவும் மறுகோடிதான். உள்ள விட்டா, கூலி வாங்கினா, வெளிய எடுத்தா, இதே பல நாள் ஓடட்டும், வார் காதுக்குப் பின்னாடி போறது ஒரு நாள், பக்கிள் சத்தம் ஒரு நாள், மாட்டிட்டு உடனே கழட்டறது ஒரு நாள். மாட்டினா வேலை, மாட்டினா ஊசின்னு மட்டும் இல்லாம, மாட்டிக்கிட்டுப் போய் நல்ல புல்லு மேயறதும் இருக்கணும். அவ தலையைத் திருப்பிட்டு நடந்து போனா போகட்டும், அது அவ பதில், நீங்க எங்கயோ ஒரு படி தாண்டிட்டீங்கன்னு அர்த்தம், முந்தின படிக்குப் போங்க. போக விட்டா திரும்பி வருவா.

கிட்ட போறப்ப நேரா நெத்திக்குக் கை நீட்டாதீங்க, குதிரைக்குக் கிட்டத்தட்ட சுத்தி எல்லாம் தெரியும், தெரியாதது நெத்திக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும். தோள் பக்கமா போங்க. ரேஸ் குதிரையை இடது பக்கமாவே கையாண்டிருப்பாங்க, வலது பக்கம் எல்லாத்தையும் புதுசா சொல்லிக் குடுக்கணும்.

பெட்டைன்னா மூடு மாறும்னு எல்லாரும் சொல்றாங்க, அது பாதிதான் உண்மை. வசந்தகாலத்துல இருந்து கோடை முடியற வரைக்கும் சுமார் 21 நாள் சுழற்சி, அதுல அஞ்சு ஏழு நாள் ஹீட்ல இருப்பா, வாலைத் தூக்குவா, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமா சிறுநீர் விடுவா, கவனம் பக்கத்து ஆண் குதிரை மேல இருக்கும். ஒரு காலண்டர்ல குறிச்சு வைங்க. அந்த நாள்ல புதுப் பாடம் வேண்டாம், பழசையே லேசா செய்யுங்க. ஆனா மாசம் பூரா காதைப் பின்னாடி மடக்கிக்கிட்டு, மூக்குக்கு மேல சுருக்கம் விழுந்து, வாலை சுளீர் சுளீர்னு வீசறான்னா அது ஹீட் இல்ல, திரும்ப வெட்டுதான்.

ஜூனுக்குள்ள முடிக்க வேண்டிய பாடம் ஊசி. ஹார்ஸ் சிக்னஸ் தடுப்பூசியை ஜூன் 1ல இருந்து அக்டோபர் 31க்குள்ள போடணும்ங்கறது சட்டம், பிரிட்டோரியா பக்கத்துல ஓன்டர்ஸ்டெபூர்ட்ல தயாராகறது, ரெண்டு ஊசி, நடுவுல குறைஞ்சது மூணு வாரம் இடைவெளி, அப்ப ஒரு தடவை பயந்தா ரெண்டாவது தடவை கிட்டயே விடமாட்டா. இப்பவே கழுத்தைத் தொடறது, தோலைக் கிள்ளறது, ஸ்பிரிட் பஞ்சு வாசனை, ஊசி இல்லாத சிரிஞ்சால அழுத்தறது, மழுங்கின குச்சியால குத்தறதுன்னு ஒவ்வொண்ணுக்கும் கூலி குடுத்துப் பழக்குங்க. உண்ணி பாக்கறதையும் இதோட சேத்துடுங்க, காதுக்குள்ள, தாடைக்கு அடியில, வாலுக்கு அடியில கை போட விடணும், உண்ணியாலதான் பிலியரிங்கற உண்ணிக் காய்ச்சல் வருது, ஈறு வெளுத்தோ மஞ்சளாவோ இருந்து தீனியும் எடுக்கலேன்னா அன்னிக்கே வெட்டு.

நம்ம ஆளுங்க வீட்டுப் பக்கம் குதிரை வெச்சிருந்தா தீபாவளியும் ஒரு பாடம். ஹடீடாப் பறவை கத்தறதுக்கே துள்ளறான்னு எழுதியிருக்கீங்க, அப்ப சரவெடிக்கு என்ன ஆகும். ஜூலைலயே போன்ல வெடிச் சத்தத்தை ரொம்ப சின்னதா வெச்சு ஆரம்பிங்க, சத்தம் முதல்ல, தீனி அடுத்து, மாத்திடாதீங்க, தீனியைக் காட்டிட்டு சத்தம் வந்தா தீனி மேலயே சந்தேகம் வந்துடும். காது சத்தத்துப் பக்கம் திரும்பிட்டு உடனே உங்களைப் பாத்தா அளவு சரி, மெல்லறதை நிறுத்திட்டு தலையைத் தூக்கினா அளவு அதிகம். அன்னிக்கு ராத்திரி துணையோட உள்ள, லைட் எரியட்டும், நிறைய புல்லு.

எப்ப ஏறலாம்னு கேட்டீங்க, மச்சான் டர்பன்ல ஜூலை ஹாண்டிகேப் ரேஸ் பாத்துட்டு வந்து அவளை ஓட்டிப் பாக்கணும்ங்கறான்னு வேற எழுதியிருக்கீங்க. மச்சானை கிரேவில் ரேஸ்கோர்ஸ் ஸ்டாண்ட்லயே உக்காந்து பாக்கச் சொல்லுங்க. ரேஸ்ல வளர்ந்தவளுக்கு கடிவாளம் இறுகினா அதுல சாஞ்சுக்கிட்டு இன்னும் வேகமா ஓடுன்னு அர்த்தம், பயத்துல இழுத்தீங்கன்னா நீங்க நிறுத்தச் சொல்றது அவளுக்கு ஓடச் சொல்றதா கேக்கும். வயித்துப்புண் ஆறி, வெட்டு முதுகைப் பாத்து சரின்னு சொல்லி, தரையில நின்னுக்கிட்டே உங்க ஒரு வார்த்தைக்கு நாலு காலும் நிக்கணும், நடந்துக்கிட்டு இருக்கறப்பவும் மெதுவா ஓடறப்பவும். அதுக்கப்புறம் சேணத்தையும் ஹால்டர் மாதிரியே படிப்படியா காட்டுங்க, வாரை ஒரு ஓட்டை இறுக்கினா ஒரு கூலி. அவ திரும்பி உங்க கையைப் பாக்காம முன்னாடி பாத்துக்கிட்டு மெல்லறப்ப அடுத்த ஓட்டை. அது எத்தனை மாசம்னு நான் சொல்ல முடியாது. வெட்டு பாத்துட்டு என்ன சொன்னார்னு எழுதுங்க, வாய்ப்பிருந்தா அவ வாசல்ல வந்து நிக்கற வீடியோவும் அனுப்புங்க, காதையும் வாலையும் பாத்துட்டு எந்தப் படியில இருக்கான்னு சொல்றேன்.